கோடிட்ட இடத்தில் என் பெயர்

"அனுப்புநருக்கும் பெறுநருக்கும் நடுவுல ரெண்டு விரல் எடம் விடணும்" என்றார் கமலா டீச்சர். நான் விரலை வைத்து அளந்துதான் விட்டேன். பக்கத்தில் என் கூட்டாளி பேச்சியம்மாள், பெறுநரையே மறந்துவிட்டு நேராக 'ஐயா' என்று தொடங்கியிருந்தாள்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த மாதம். ஐந்தாம் வகுப்பு என்று எங்களுக்குத் தனி அறை கிடையாது. நீள ஓட்டுக் கட்டடத்தின் மேற்குக் கோடியில் ஒரு கரும்பலகை, அதற்கு முன்னால் ஒன்பது பிள்ளைகள். எங்கள் முதுகுக்குப் பின்னால் நாலாம் வகுப்பு வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. சத்துணவுக் கூடத்திலிருந்து பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அது தினமும் அடிப்பிடிக்கும்.

கடிதம் எழுதுதல்தான் அன்றைய பாடம். வழக்கமாக விடுப்புக் கடிதம் எழுதுவோம். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் வருடத்துக்கு ஆறு முறை காய்ச்சல் வருவது அந்தக் கடிதத்தில்தான். ஆனால் அன்றைக்கு டீச்சர் வேறொன்றைச் சொல்லச் சொல்ல எழுதினோம்.

"ஐயா, என் மகள்... கோடு போடுங்க... இவ்வாண்டு தங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு பயின்று வருகிறாள். உடல்நலக் குறைவு காரணமாக அவளால் சரிவரப் படிக்க இயலவில்லை. எனவே அவளை மேலும் ஓராண்டு இதே வகுப்பில் வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"டீச்சர், கோட்டுல யார் பேர எழுதணும்?" என்று நான் கேட்டேன்.

"பேரெல்லாம் வேண்டாம். மாதிரிக் கடிதம்தான, அப்படியே விடு."

எல்லா நோட்டையும் பார்த்துவிட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "இசக்கி கையெழுத்துதான் அச்சுல அடிச்சாப்ல இருக்கு. நீ மட்டும் இத ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் குடு" என்றார். தன் பையிலிருந்து கோடு போடாத முழுத்தாள் ஒன்றைத் தந்தார். எழுதத் தன்னுடைய மைப்பேனாவையே தந்தார். ஒரு சொல்லும் சாயாமல் எழுதிக் கொடுத்தேன். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தக் கடிதம்தான் என்னை ஐந்தாம் வகுப்பில் பெயிலாக்கியது. இதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். முடிச்சுப் போட்டு வைத்துக் கடைசியில் அவிழ்த்துக் காட்ட எனக்குப் பொறுமை இல்லை.

வாசகர் கேட்ட இனிப்பு

போன வாரம் நான் எங்கள் வாய்க்காலில் குளித்ததைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "ஆரம்பப் பள்ளி நாட்களைப் பற்றியும் எழுதுங்கள் அம்மா. கவலையே இல்லாத காலம் அல்லவா, படிக்கவே இனிப்பாக இருக்கும்" என்று கேட்கிறார். நல்ல மனிதர். அவருக்கு அப்படி ஒரு காலம் வாய்த்திருக்கிறது. வாழ்த்துகள்.

பத்து வயதுப் பிள்ளைக்குக் கவலை இருக்காது என்று பெரியவர்கள் ஏன் முடிவு கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கவலை இருந்தது. அதன் பெயர் பீடித்தட்டு.

எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து வாழைக்கும் நெல்லுக்கும் பாயும். ஆனால் எங்கள் கீழத்தெருவில் வயல் வைத்திருந்தவர் எவரும் இல்லை. ஆண்கள் வாழைத்தார் சுமந்தார்கள், பெண்கள் பீடி சுற்றினார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளையின் மடியில் ஒரு தட்டும் கத்தரியும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரும் கட்டாயப்படுத்த வேண்டியதே இல்லை, அதுதான் வழக்கம்.

என் விஷயத்தில் மட்டும் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "இவள ஆறாங்கிளாசுக்கு முக்கூடலுக்கு அனுப்புதேன். பஸ்ஸுல போயிட்டு வரட்டும்."

அம்மா அதை மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்தாள். "பாஸாகுத வரைக்கும் படிக்கட்டும். ஒரு வருசம் பெயிலான்னு வையுங்க, மறுநாளே தட்டுதான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

ஆகவே நான் பாஸானேன். கால் பரீட்சையில் முதல், அரைப் பரீட்சையில் முதல். பேச்சி என் விடைத்தாளை எட்டிப் பார்த்து எழுதியும் பாதி மதிப்பெண்தான் வாங்குவாள். பார்த்து எழுதவும் கொஞ்சம் பொறுமை வேண்டும், அது அவளிடம் இல்லை.

தலை

கமலா டீச்சரைக் கெட்டவராகக் காட்ட இதை எழுதவில்லை. அவர் அம்பாசமுத்திரத்திலிருந்து காலைப் பஸ்ஸில் வந்து இறங்குவார். எங்கள் தெருப் பிள்ளைகளைத் தலையில் கைவைத்துப் பேசிய முதல் டீச்சர் அவர்தான். அதனால்தான் மன்னிக்கக் கடினமாக இருக்கிறது. கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் ஒரு வசவோடு முடிந்திருக்கும்.

எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. மேலத்தெருக் குடும்பம் ஒன்று நடத்தியது. அந்தக் குடும்பத்து மனிதர்தான் தலைமையாசிரியர். நாங்கள் அவரைப் பெரிய சார் என்போம், எங்கள் பெற்றோர் சார்வாள் என்பார்கள். இரண்டே ஆசிரியர்கள். அந்த இரண்டாவது ஆளுக்கு அரசு சம்பளம் வர வேண்டுமானால் பதிவேட்டில் இத்தனை தலை இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆகஸ்டு மாதம் எண்ணுவார்கள். குறைந்தால் இரண்டாவது ஆள் 'உபரி'. உபரி என்றால் என்ன என்று எங்களுக்குப் பள்ளியில் சொல்லித்தரவில்லை, ஆனால் டீச்சர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் இறங்குவதை நாங்கள் எல்லோரும் கவனித்திருக்கிறோம்.

அந்த வருடம்தான் முக்கூடலில் இங்கிலீஷ் ஸ்கூல் ஒன்று திறந்தார்கள். மஞ்சள் வேன் ஒன்று மேலத்தெரு வரைக்கும் வந்து திரும்பியது. டை கட்டிய பிள்ளைகளைப் பார்க்க நாங்கள் வேலியோரம் நிற்போம். வேன் வந்துபோன ஒவ்வொரு வாரமும் எங்கள் பதிவேட்டில் ஒரு பெயர் அடிக்கப்பட்டது. தன் பேரனையே பெரிய சார் அந்த வேனில்தான் ஏற்றிவிட்டார். தன் பள்ளியின் தரம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதிகாரி பார்வையிட வந்த நாள் ஒன்று நினைவுக்கு வருகிறது. அன்று காலை பால்வாடியிலிருந்து ஏழெட்டுக் குழந்தைகளைத் தூக்கிவந்து ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். மூன்று வயதுக் குழந்தைகள். சட்டை மட்டும் இருந்தது, கால்சட்டை இல்லை. அவர்கள் அழாமல் பார்த்துக்கொள்ள ஐந்தாம் வகுப்பிலிருந்து எங்களை அனுப்பினார்கள். "அதிகாரி பேர் கேட்டா நீங்க சொல்லுங்க. அவங்க வாயத் தெறக்கக்கூடாது" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

என் மடியில் இருந்த பையன் அதிகாரியைப் பார்த்ததும் "அம்மை எங்க?" என்று கேட்டுவிட்டான். அதிகாரி சிரித்தார். பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். கட்டடத்தின் நிழலில் அவருக்காக வெட்டி வைத்திருந்த நான்கு இளநீரில் இரண்டைக் குடித்துவிட்டுப் போனார். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒரு பெரிய பொய்யைச் சொல்லுவதற்கு ஊரே சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்.

நான்கு எழுத்து

அதே வருடத்தில்தான் வீட்டில் கைநாட்டு வைக்கிறவர்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுங்கள் என்று டீச்சர் சொன்னார். ஆளுக்கு ஒருவரைப் பிடித்துக் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையெழுத்தை ஒரு தாளில் வாங்கி வர வேண்டும்.

நான் அப்பாவைப் பிடித்தேன். மாடசாமி, நான்கு எழுத்துதான். தோளில் தார் சுமந்து காய்த்துப்போன மனிதர். அந்தத் தோளை அசைக்காமல் விரலை மட்டும் அசைக்க அவருக்கு வரவில்லை. 'மா' எழுதினால் முழுக்கையும் ஆடும். 'சா' எழுதும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். கடைசி 'மி'யில் மேலே வரும் வளைவு அவருக்கு எந்தக் காலத்திலும் ஒழுங்காக வந்ததில்லை, கொக்கி போல நீட்டிக்கொண்டு நிற்கும்.

"இது போதாதா?" என்பார்.

"வளைவு வேணும்பா. இல்லன்னா அது உங்க பேரு இல்ல."

"ஊர்ல வேற எந்த மாடசாமி வந்து எம்பேருக்குச் சண்டை போடப் போறான்?"

ஒரு மாதம் ஆனது. ரேஷன் கடையில் கைநாட்டு வைத்துவிட்டு அந்த மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு வருகிற மனிதர், ஒரு நாள் தலையில் மை இல்லாமல் வந்தார். வந்ததும் வராததுமாக, "பேனாவ வாங்கிப் போட்டேன்டி. கடைக்காரன் ரெண்டு தடவ பாத்தான்" என்றார். அம்மாவிடம் ஒரு முறை சொன்னார். அவள் பீடிக்கு இலை வெட்டிக்கொண்டு சரி சரி என்றதும், போதாமல் வெளியே போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

வாத்தியார் வேலை இனிக்கும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

வேப்பமரத்தடியில்

தேர்ச்சி விவரத்தை வேப்பமரத்தடியில் வைத்து வாசிப்பார்கள். பெரிய சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளை எட்டப் பிடித்து வாசித்தார். ஐந்தாம் வகுப்பில் ஒன்பது பேர். மேலத்தெரு ஐந்து, எங்கள் தெரு நான்கு. எட்டுப் பெயர் வாசித்தார். பேச்சியம்மாளும் அதில் இருந்தாள். தன் பெயரைக் கேட்டதும் அவளுக்கே நம்பிக்கை வராமல் என்னைப் பார்த்தாள்.

நான் என் பெயரைக் கடைசியாக வாசிப்பார் என்று நின்றேன். முதல் மாணவியைத் தனியாகச் சொல்வார்கள் என்றுகூட நினைத்தேன். என்ன ஒரு திமிர்.

அவர் தாளை மடித்தார். "இசக்கியம்மாள், நீ இங்கனயே இரு. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றார்.

நான் கமலா டீச்சரைப் பார்த்தேன். அவர் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். போட்டிருந்த பொத்தானைக் கழற்றி மறுபடியும் போட்டார்.

நான் அழுதுகொண்டு ஓடினேன். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் கடைக்கார அண்ணாச்சிதான் முதலில் கேட்டார். "என்னடே மாடசாமி, ஒம்மவ அழுதுகிட்டு வாரா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கிளாசில் இருந்த டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பெயிலு அண்ணாச்சி. மண்டையில ஏறல. என்ன செய்ய?"

என் அப்பா என்னை அதுவரை அடித்ததில்லை, அதற்குப் பிறகும் அடித்ததில்லை. ஆனால் அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் பட்டது எந்தப் பிள்ளையும் பிரம்பால் பட்டிருக்காது. முதல் மதிப்பெண் வாங்கிய தாள்களை அவரிடம்தான் காட்டியிருக்கிறேன். தடவித் தடவிப் பார்த்தவர் அவர். அவரே எப்படி நம்பினார் என்று யோசித்து யோசித்து, கடைசியில் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். எங்கேயோ தப்பாக எழுதியிருக்கிறேன். எந்தக் கணக்கு என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனால் அம்மா தட்டை எடுத்து முன்னால் வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. "அழாத. பள்ளிக்கூடம் தெறந்ததும் போ" என்றாள். சொன்ன சொல்லை விட்டுக்கொடுக்கும் ஆள் இல்லை அவள். அதைப் பற்றி அப்போது நான் யோசித்திருக்க வேண்டும். அழுகிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மறுபடியும் முதலிலிருந்து

ஒரே வகுப்பை இரண்டு முறை படித்தவர்களுக்குத்தான் தெரியும், அதில் கஷ்டம் பாடம் அல்ல. பாடம் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வரி என் வாயில் இருக்கும். அதைச் சொன்னால் பின்னால் இருக்கும் பையன்கள், "பழைய ஆளுல்லா, தெரியத்தான் செய்யும்" என்பார்கள். சொல்லாமல் இருந்தால், "ரெண்டு வருசம் படிச்சும் தெரியல பாரு" என்பார்கள். ஆகவே வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். பேசுவதில்லை என்று இன்றைக்கும் என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். சேமித்து வைத்து இப்படி எழுதித் தீர்க்கிறேன் போலிருக்கிறது.

பாதி நாள் டீச்சர் என்னை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிடுவார். அ, ஆ எழுதிப்போட்டு நான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு டீச்சர் வேலையைக் காப்பாற்ற வைத்துக்கொண்ட பிள்ளை, டீச்சர் வேலையையும் பார்த்தாள். என்ன சிக்கனம்.

பேச்சி நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டையில் காலைப் பஸ்ஸுக்கு நிற்பாள். கமலா டீச்சர் இறங்கும் அதே பஸ்ஸில் அவள் ஏறுவாள். முதல் மாதம் எனக்குக் கையாட்டினாள். பிறகு அவளுக்குப் புதுக் கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள். பெயிலான பிள்ளையோடு பேசினால் தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கலாம். எட்டாம் வகுப்பு வரை போனாள். அதற்குள் நானும் ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஏழுக்குப் போயிருந்தேன், ஒரே பஸ்ஸில் இருவரும் இரண்டு ஓரமாக நின்றோம். ஒரு வருடம் என்பது அந்த வயதில் ரொம்பத் தூரம்.

பழைய கோப்பு

பத்தாம் வகுப்பு முடித்ததும் சாதிச் சான்றிதழுக்காக ஆரம்பப் பள்ளியில் ஒரு சான்று வாங்க வேண்டியிருந்தது. பெரிய சார் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். கமலா டீச்சர்தான் தலைமையாசிரியை. முன்தலையில் நரை விழுந்திருந்தது. என் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"பீரோல ஒங்க வருசத்துக் கட்டு இருக்கும். நீயே பாத்து எடும்மா, எனக்குத் தூசி ஆகாது."

எடுத்தேன். சேர்க்கைப் பதிவேட்டின் நடுவில் அந்தக் கடிதம் இருந்தது. கோடு போடாத வெள்ளைத்தாள், என் கையெழுத்து. நான் காலியாக விட்டிருந்த கோட்டின்மேல் பெரிய சாரின் கிறுக்கல் எழுத்தில் 'மா. இசக்கியம்மாள்'. அடியில், 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே, மாடசாமி. 'மி'யின் மேல் கொக்கி.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். பார்த்ததும் மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஆகஸ்டுக்கு ஒரு தல கொறஞ்சுச்சு இசக்கி. எனக்கு அப்பம் கைக்குழந்த. எங்க வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல. உபரின்னு எழுதியிருந்தா எங்க கொண்டு போட்டிருப்பாங்களோ."

"பேச்சி இருந்தாள்ல டீச்சர்?" என்று கேட்டேன். அவளைப் பெயிலாக்கியிருந்தால் ஊரில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

"பேச்சிய நிறுத்துனா அவ அம்மா மறுநாளே பீடிக்கு உக்கார வச்சிருவா. அவளும் போயிருவா, தலையும் போயிரும். மத்தவங்க ரெண்டு பேரும் அப்படித்தான். நீ வருவன்னு தெரியும். படிக்கப் பிரியப்பட்ட பிள்ளையத்தான நிறுத்திவைக்க முடியும்?"

இதை அவர் ஒரு பாராட்டாகவே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒங்க அப்பாவக் கேக்காம ஒண்ணும் செய்யலம்மா" என்றும் சொன்னார். நான் கடிதத்தை எடுத்து மடித்து என் நோட்டுக்குள் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. சான்றில் முத்திரை குத்தித் தந்தார்.

ஸ்டூல் போட்ட நாள்

வழியெல்லாம் ஒரே கோபத்தோடு நடந்தேன். படிக்கத் தெரியாத மனிதரிடம் என்னத்தையோ சொல்லிக் கையெழுத்தை வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவரை உட்கார வைத்து, கடிதத்தை வாசித்துக் காட்டி, இரண்டு பேருமாகப் போய்ப் பெரிய சார் வீட்டு வாசலில் நின்று கேட்பது என்று திட்டம். என் பக்கத்தில் அப்பா நிற்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மதிய நேரம். அப்பா வாழைக் கறை போகக் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா சுவரோரம் தட்டோடு இருந்தாள். கடிதத்தை அப்பா கையில் கொடுத்தேன்.

"இது எங் கையெழுத்துல்லா" என்றார். முகத்தில் சின்னதாக ஒரு பெருமைகூட வந்தது.

"மேல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாப்பா?"

அந்தப் பெருமை இறங்கியது. "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுதானா போட்டிய?"

"சார்வாள் எல்லாத்தையும் எடுத்துச் சொல்லிட்டுத்தான் கேட்டாரு. ஒளிச்சு வாங்கல."

"அப்பம் டீக்கடையில வச்சு மண்டையில ஏறலன்னு எதுக்குச் சொன்னிய?"

"வேற என்னன்னு சொல்லட்டும்? வெளிய தெரிஞ்சா ஆபீசரு பள்ளிக்கூடத்தையே மூடிருவாருன்னாரு. ஒனக்கும் தெரிய வேண்டாம், சின்னப் பிள்ள, வாய் நிக்காதுன்னாரு."

எனக்கு வாய் நிற்காதாம். ஒரு வருடம் முழுக்க வாயைத் திறக்காத எனக்கு.

"அவரு கேட்டா குடுத்துருவியளா? எங்கிட்ட ஒரு வார்த்த?"

அப்பா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"ஒனக்குத் தெரியாது இசக்கி. நீ அன்னைக்கு வாய்க்காலுக்குத் துணி அலசப் போயிருந்த. மேலத்தெரு ஆளு நம்ம தெருவுக்குள்ள யாரு வந்திருக்கா, சொல்லு? வேலைக்கு ஆள் வேணும்னாக்கூட தெரு முக்குல நின்னு சத்தம் குடுப்பாங்க. அவரு வந்தாரு. ஒத்தையில, நடந்து வந்தாரு. எப்பமும் ஏலேன்னு கூப்புடுதவரு, 'மாடசாமி, இருக்கியாப்பா'ன்னு கேட்டாரு. ஸ்டூலு போட்டேன், உக்காந்தாரு. 'வெயிலு தாங்கல, குடிக்கத் தண்ணி குடுப்பா'ன்னாரு. எங்க அய்யா காலத்துல அவுக வாசல்ல குனிஞ்சு கையேந்தித்தான் தண்ணி வாங்குவோம், நானே ஏந்தியிருக்கேன். அந்த மனுசன் நம்ம செம்புல நம்ம தண்ணியக் குடிச்சுட்டுக் கேக்காரு. முடியாதுன்னு எந்த வாயால சொல்ல?"

"ஒரு செம்புத் தண்ணிக்கா என் வருசத்தக் குடுத்திய?"

"ஒனக்கு அது தண்ணி" என்றார் அப்பா.

நான் அடுத்து என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நல்லதாக எதுவும் இருந்திருக்காது. அதற்குள் அம்மாவின் கத்தரி நின்றது.

"அவரு குடிக்கல" என்றாள்.

அப்பா திரும்பினார். "எவரு?"

"சார்வாள்தான். செம்ப வாங்கிக் கையில வச்சிருந்தாரு. கையெழுத்துப் போட அவரு பேனாவ நீட்டுனாரு. நீங்க, எம் மவ பேனா இருக்குன்னு உள்ள தேடப் போனிய. அந்நேரம் சுவத்தோரத்துல கவுத்துட்டாரு. நான் உள்ள நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்க வெளிய வரும்போது வெறுஞ்செம்பக் கீழ வச்சுட்டு வாயத் தொடச்சாரு."

தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இத அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று அப்பா கேட்டார். "சொல்லியிருந்தா நான் போட்டிருக்கமாட்டேன்."

"எப்படிச் சொல்ல? நீங்க அம்புட்டுச் சந்தோசமா இருந்திய" என்றாள் அம்மா. அவள் அழவில்லை. சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் வாசிக்க முடிந்தது அதில் ஒரே ஒரு சொல்தான். கட்டைவிரலை அதன்மேல் வைத்து ஒரு முறை தேய்த்தார்.

"இதுல எம் பேர மட்டும் அழிக்க முடியுமாட்டி?" என்று என்னிடம் கேட்டார்.

"முடியாது" என்றேன்.

கிழித்துப் போட்டுவிடலாம்பா என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி வேலை. அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு மனம் வரவில்லை. அவர் மடியிலிருந்து கடிதத்தை எடுத்துப் பழையபடி மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அப்பா இப்போது இல்லை. கடிதம் என்னிடம்தான் இருக்கிறது.